அக்கரையில் கழன்ற கப்ளிங்

தம்பிமாரே, கப்ளிங்கை எப்படி நேர் பார்ப்பது, போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்றெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. நாலு எஞ்சினை அவிழ்த்து மாட்டினால் உங்கள் கையே அதைப் படித்துக்கொள்ளும். கை படிக்காத ஒன்று இருக்கிறது. ஒருவர் பக்கத்தில் நின்று "இன்னும் முடியலையா" என்று கேட்கும்போது என்ன செய்வது என்பது அது. அதற்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். இதைக் கேட்ட பிறகு உங்களுக்குத் தைரியம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

அப்போது எனக்கு மாத்தளைக்குப் பக்கம் பலாபத்வலையில் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் வேலை. எனக்கு வேலை பழக்கிய பாஸ் மௌத்தாகிப் பட்டறை என் கைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டங்களை விற்றுவிட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த காலம். லாரி, அரிசி மில் எஞ்சின், தோட்டத்துத் தொழிற்சாலை எஞ்சின் என்று எது நின்றாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். படகு வேலை நாங்கள் செய்ததில்லை. மாத்தளைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் தம்புள்ளைக்கு அப்பால் பெரிய குளம் ஒன்றில் ஒரு படகு இருந்தது. ஒரு துரை திருகோணமலையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த பாய்ப்படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் விரித்துக் குளத்தில் சுற்றுவாராம். காற்று இல்லாத நேரத்துக்கென்று அடியில் சின்ன டீசல் எஞ்சின் ஒன்றும் வைத்திருந்தார். துரை போகும்போது அதை ஒரு மரக்கறி முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளிக்கு வேண்டியது எஞ்சின்தான். பாயைக் கழற்றி லாரி மூடும் படங்காக்கிக்கொண்டார். வெறும் பாய்மரம் மட்டும் நடுவில் நின்றது. அக்கரைக் கிராமத்திலிருந்து மிளகாயும் பூசணியும் ஆட்களும் அதில்தான் வருவார்கள். ஓட்டுபவர் செல்லையா. தோட்டத்து ஆள். துரை இருந்த காலத்திலிருந்து அந்தப் படகைப் பார்த்துக்கொண்டவர்.

அந்த வருஷம் மாரி மழை விடாமல் பெய்தது. குளம் நிறைந்து, மிகுதி நீர் வான் என்கிற கலிங்கு வழியாகப் பாய்ந்துகொண்டிருந்தது. வான் பாயும் இரைச்சல் ரோட்டுக்குக் கேட்கும். அக்கரைக்குப் போகிற பாதையில் இருந்த தாம்போதி, அந்தத் தரைப்பாலம், தண்ணீருக்கடியில் போய்விட்டது. நான் தம்புள்ளையில் வெள்ளம் புகுந்த ஒரு அரிசி மில் எஞ்சினைக் கழற்றிக் காயவைத்துக்கொண்டிருந்தேன். காலையில் செல்லையா தேடி வந்தார்.

"பாஸ், அக்கரையில ஒரு புள்ளத்தாச்சிக்கு வலி கண்டு இன்னும் பொறக்கலியாம். தோணியில ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போனாரு. மிட்வைப் மிஸ்ஸியக் கூட்டிக்கிட்டுப் போறேன். படகுல கொஞ்ச நாளா அடியில டக்கு டக்குன்னு ஒரு சத்தம். நீங்களும் வந்தீங்கன்னா எனக்கு ஒரு தைரியம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மிஸ்ஸி சிங்களவர். நாலந்தைப் பக்கத்து ஊர். தமிழ் நன்றாகப் பேசுவார். கறுப்புக் குடையும் பையுமாக முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். படகுத்துறை அணைக்கட்டுக்குப் பக்கம். அங்கிருந்து கொஞ்சம் தள்ளினால் வான். துறையை விட்டு விலகும்போதே தண்ணீர் எங்களை அந்தப் பக்கம் இழுப்பது தெரிந்தது. எஞ்சின் பலத்தில்தான் குறுக்கே வெட்டிக்கொண்டு போனோம்.

நான் எஞ்சினை மூடியிருந்த பலகையைத் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். எஞ்சினிலிருந்து வரும் தண்டையும் புரொப்பெல்லருக்குப் போகும் தண்டையும் பிடித்து வைத்திருக்கும் இரும்பு ஜோடிதான் கப்ளிங். சத்தம் அதிலிருந்துதான் வந்தது. ஓடும்போது கை வைக்க முடியாது. அக்கரை போய்ப் பார்க்கலாம் என்றேன். கரை நெருங்கியதும் செல்லையா படகை நிறுத்துவதற்காக ரிவர்ஸ் போட்டார். கீழே படாரென்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் வெறுமையாக இரைந்தது. தண்டு கப்ளிங்கிலிருந்து கழன்று பின்னால் போய், புரொப்பெல்லர் சுக்கானில் முட்டி நின்றது. போன வேகத்தில் படகு சேற்றில் ஏறியது. தண்டு வெளியே போகும் குழல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியிருந்தது. என் சாரத்தின் ஓரத்தைக் கிழித்து அடைத்தேன்.

கரையில் ஊர்ச்சனம் நின்றது. எங்கள் ஆட்கள்தான், பரம்பரையாக அங்கே வயல் செய்கிற முஸ்லிம்கள். கர்ப்பிணிப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து, மிளகாய் காயவைக்கிற ஒரு கொட்டிலில் வைத்திருந்தார்கள். ஆமினா என்று பெயர். முதல் பிள்ளை. புருஷன் ஹனீபா. ஒல்லியான, அமைதியான ஆள். மிஸ்ஸி உள்ளே போய்ச் சேலையை மறைப்பாகக் கட்டச் சொன்னார். வெளியே வந்து என்னையும் செல்லையாவையும் மட்டும் கூப்பிட்டார்.

"புள்ள குறுக்க கெடக்குது. இங்க ஒண்ணும் செய்ய ஏலாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். எப்பப் போகலாம்?"

நான் படகுக்குள் இறங்கிக் கப்ளிங்கைக் கழற்றினேன். தண்டும் கப்ளிங்கும் ஒன்றாகச் சுற்றுவதற்காக நடுவில் செருகியிருக்கும் சாவி துண்டு துண்டாக உதிர்ந்து கையில் வந்தது. தண்டைப் பிடித்து வைக்கும் ஸ்குரூ இரண்டும் புரி தேய்ந்திருந்தன.

செல்லையா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸ், தண்ட உள்ள தள்ளி ஸ்குரூவ இறுக்கிட்டுப் போயிரலாமே. முன்னுக்கு ஓடுறப்ப புரொப்பெல்லரே தண்ட உள்ளுக்குத்தானே தள்ளும்? ரிவர்ஸ் போட்டாத்தான கழறும். நான் ரிவர்ஸ் போட மாட்டேன்."

தம்பிமாரே, அவர் சொன்னது முட்டாள்தனமான பேச்சு இல்லை. முன்னுக்கு ஓடும்போது தண்டு உள்ளேதான் அழுந்தும். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்திருக்கலாம். ஆனால் சாவி இல்லாத தண்டு பாரம் ஏறும்போது உள்ளேயே வழுக்கும். வழுக்கினால் படகுக்கு இழுவை இல்லை. துறைக்குப் பக்கத்தில் அது நடந்தால் வான் எங்களை எடுத்துக்கொள்ளும். அந்த வான் வழியாகப் போன எருமைகளின் எலும்பைக்கூட யாரும் கண்டதில்லை. துடுப்பு இரண்டு இருந்தது. அந்த இழுப்பில் துடுப்பை வைத்து என்ன செய்வது? பாயும் இல்லை.

மிஸ்ஸியிடம் இரண்டு வழியையும் சொன்னேன். இப்படியே போனால் இதுதான் ஆபத்து. சரியாகச் செய்வதென்றால் புதிதாக ஒரு சாவியை அரத்தால் ராவி எடுக்க வேண்டும், ஸ்குரூ கடித்துப் பிடிக்கத் தண்டில் குழி போட வேண்டும், நேரம் எடுக்கும் என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம். கூடவும் போகலாம்."

அவர் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "புள்ளத்தாச்சியப் பத்தி நான் சொல்லிட்டேன். படகப் பத்தி எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

ஹனீபாவும் படகடிக்கு வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். "போகலாம்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. "வேணாம்" என்றும் சொல்லவில்லை. முடிவு முழுதாக என் கையில் கிடந்தது. ஆமினா, ஹனீபா, மிஸ்ஸி, செல்லையா, துணைக்கு வரும் பெண்ணொருவர், நான். இத்தனை பேரை மனதுக்குள் படகில் ஏற்றிப் பார்த்தேன்.

"செஞ்சிட்டுப் போவோம்" என்றேன்.

சாவி ராவுவதற்கு இரும்பு தேவைப்பட்டது. கேட்டதும் ஹனீபா ஓடிப்போய்த் தன் மாட்டு வண்டிச் சில்லிலிருந்து கடையாணியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். நல்ல இரும்பு. அதை வெட்டிப் படகின் விளிம்பில் வைத்து அரத்தால் ராவ ஆரம்பித்தேன். செல்லையா படங்குத் துண்டொன்றை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். கொட்டிலிலிருந்து ஆமினாவின் சத்தம் வரும், நிற்கும், திரும்ப வரும்.

ராவுகிற வேலையில் அவசரப்பட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டால் சாவி ஆடும். ஆடினால் செய்ததற்கும் செய்யாததற்கும் வித்தியாசம் இல்லை. போட்டுப் பார்ப்பேன், இறுகும், எடுத்து இன்னும் கொஞ்சம் ராவுவேன். ஹனீபா கொட்டிலுக்கும் படகுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் என்னை அண்ணன் முறை வைத்து, "நானா, முடிஞ்சிருச்சா?" என்பார். "இந்தா, முடியப்போவுது" என்பேன். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண் அரத்தின் மேலேயே இருந்தது.

சாவி உட்கார்ந்தது. தண்டில் குழி போடும்போது கைட்ரில்லின் அலகு முறிந்தது. பெட்டியில் இருந்த இன்னொன்று மழுங்கல். அதை வைத்துக்கொண்டு படகுக்குள் தேங்கிய தண்ணீரில் குனிந்து சுழற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு மணித்தியாலம் என்று சொன்னது எப்போதோ தாண்டியிருந்தது. நடுவில் எதற்கோ கையை நிறுத்தியபோதுதான் கவனித்தேன். கொட்டிலிலிருந்து சத்தம் வரவில்லை. பிள்ளை பிறந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். மிஸ்ஸி வெளியே வந்தார். அவர் முகத்தில் அப்படியொன்றும் இல்லை.

"பாஸ், கட்டில ஏத்தலாமா?"

"ஏத்துங்க" என்றேன். அவர்கள் ஏற்றும்போது ஸ்குரூவை இறுக்கிக் கம்பி போட்டுக் கட்டினேன். ஊர்ச்சனம் படகைச் சேற்றிலிருந்து தள்ளிவிட, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முன்னுக்கும் பின்னுக்கும் போட்டுப் பார்த்தேன். தண்டு அசையவில்லை. நல்ல வேலை. இப்போது சொன்னாலும் அது நல்ல வேலைதான்.

போகும் வழியெல்லாம் நான் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு கப்ளிங்கையே பார்த்தபடி வந்தேன். ஆமினாவின் பக்கம் திரும்பவில்லை. மிஸ்ஸி அவளிடம் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி. ஹனீபா குடையை அவள் முகத்துக்கு மேலே பிடித்திருந்தார். துணைக்கு வந்த பெண் கலிமாவைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

துறைக்குப் பக்கத்தில், வான் இழுக்கும் இடத்தில், வேரோடு பிடுங்கிய பெரிய மரமொன்று குறுக்கே மிதந்து வந்தது. செல்லையா "பாஸ்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ரிவர்ஸைப் போட்டார். முழு வேகத்தில். போடாமல் இருக்க வழியில்லை. படகு ஒரு தடவை குலுங்கி நின்றது. மரம் எங்களைத் தொட்டும் தொடாமலும் கடந்து வான் பக்கம் போனது. கப்ளிங் பிடித்திருந்தது. வெறும் ஸ்குரூவாக இருந்திருந்தால் அந்த இடத்தில் தண்டு கழன்றிருக்கும், அந்த மரத்துக்குப் பின்னாலேயே நாங்களும் போயிருப்போம்.

அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான். செய்தது சரி என்று நிரூபணமாகிவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தேன்.

மிஸ்ஸி ஆமினாவின் கையை அவள் நெஞ்சின் மேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஹனீபா குடையை இன்னும் பிடித்தபடியே இருந்தார். மழை விட்டிருந்தது.

"எப்ப?" என்று கேட்டேன்.

"இப்பத்தான்" என்றார் மிஸ்ஸி. "மரம் வந்தப்போ." பிள்ளை அதற்கு முன்பே போயிருந்ததாம். அதைக் கொட்டிலில் வைத்தே அவர் தெரிந்துகொண்டார். தாயையாவது காப்பாற்றலாம் என்றுதான் யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறார்.

துறையில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு கார் நின்றது. அது வெறுமையாகத் திரும்பிப் போனது. ஹனீபா எழுந்து வந்து, திறந்திருந்த பலகைக்குப் பக்கத்தில் குந்திக் கப்ளிங்கைப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓடிச்சு, நானா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டுவதற்கும் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆமினாவின் மையித்தை ஊருக்குக் கொண்டுபோய் அடக்க வேண்டும். பொழுது சாய்ந்து மஃரிப் ஆவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பாதை இல்லை. அதே படகுதான். செல்லையா என்னிடம் வந்து, "பாஸ், திரும்பப் போக ஏலுமா?" என்று கேட்டார். ஸ்குரூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஏலும்" என்றேன். நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். இந்தத் தடவையும் எஞ்சின் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அக்கரையில் காத்து நின்ற சனம், கட்டில் திரும்பி வருவதைத் தூரத்திலேயே கண்டு, யாரும் சொல்லாமலே விளங்கிக்கொண்டது. ஆண்கள் தண்ணீரில் இறங்கி வந்து கட்டிலைத் தோளில் வாங்கினார்கள். ஜனாஸாத் தொழுகையில் பின் வரிசையில் நின்றேன். என் கையிலிருந்த கிரீஸ் கழுவியும் போகவில்லை.

தாம்போதி திரும்பவும் தெரியும்வரை அந்தப் படகுதான் ஓடியது. மாவும் சீனியும் காய்ச்சல்காரர்களும் அதில்தான் போய் வந்தார்கள். வண்டிக் கடையாணியில் ராவிய அந்தச் சாவி ஒரு நாளும் ஆடவில்லை என்று செல்லையா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். என் பெயர் அந்தப் பக்கம் பரவியது. அதை வைத்து எனக்கு வேலைகள் வந்தன.

நான் படுக்கும்போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். உடனே புறப்பட்டிருந்தால் அந்த மரம் அந்த இடத்துக்கு வந்திருக்காது. மரம் வராவிட்டால் ரிவர்ஸ் தேவைப்பட்டிருக்காது. ரிவர்ஸ் போடாவிட்டால் வெறும் ஸ்குரூவே போதுமாக இருந்திருக்கலாம். இந்தப் பக்கம் இப்படிப் போகும். சாவி இல்லாமல் பாரத்தோடு போயிருந்தால் வழுக்கியிருக்கும், எல்லோரும் போயிருப்போம், இது அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் சரியாகத்தான் வரும். ஆமினா நேரத்தோடு போயிருந்தாலும் பிழைத்திருப்பாளா என்று பின்னொரு நாள் மிஸ்ஸியிடம் கேட்டேன். "சொல்ல ஏலாது" என்றார். அவரும் அதையே கேட்டுக்கொண்டு திரிந்தவர் மாதிரித்தான் இருந்தது.

அடுத்த வெயில் காலத்தில் ஹனீபா பட்டறைக்கு வந்தார். வண்டியில் ஒரு தண்ணீர்ப் பம்பை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இறக்கி வைத்தோம். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். பம்பைப் பற்றி மட்டும் பேசினார். என்னால் பொறுக்க முடியவில்லை. நானே வாயைத் திறந்தேன்.

"தம்பி, அன்னைக்கு நான் செஞ்சது..."

"நீங்க சரியாத்தான் செஞ்சீங்க" என்றார். "செல்லையாவும் சொன்னாரு, மிஸ்ஸியும் சொன்னாங்க. அந்த மரத்த நானும்தானே பாத்தேன்."

கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க ராவுற சத்தம் கொட்டிலுக்குக் கேட்டுச்சு, நானா. அவ அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தா. சத்தம் நிக்கிறப்ப எல்லாம் 'முடிஞ்சிருச்சா, போகப்போறமா'ன்னு கேப்பா. நான் ஓடி வந்து ஒங்ககிட்ட கேப்பேன். முடியப்போவுதுன்னு நீங்க சொல்லுவீங்க. அதையே போயி அவகிட்ட சொல்லுவேன். கடைசியில அவ கேக்குறத நிப்பாட்டிட்டா. நான்தான் வந்து வந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். அவளுக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாம்."

தம்பிமாரே, உங்களிடம் யாராவது எவ்வளவு நேரம் என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். "முடியப்போகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் வந்து கேட்டபோது இன்னும் நேரமாகும் என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் கொட்டிலிலேயே இருந்திருப்பார். அப்படிச் சொன்னதால் ஆமினா பிழைத்திருக்க மாட்டாள். ஆனாலும் அவர் அங்கே இருந்திருப்பார்.

பம்பை அடுத்த கிழமை செய்து முடித்தேன். ஹனீபா வந்து ஓட்டிப் பார்த்தார், தலையாட்டினார், வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதுவும் நன்றாக ஓடியதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் பட்டறைக்கு வரவில்லை.